மிஸ்ஸிங்: கார்புரேட்டர் காலத்தின் ஒரு வரலாறு

மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் வழங்கும் சொற்களுக்கு யாரேனும் ஓர் அகராதி தொகுப்பார்களாயின், அதில் முதலில் சேர வேண்டிய சொல் ‘மிஸ்ஸிங்’ என்பதாகத்தான் இருக்கும். ஆங்கிலத்திலிருந்து வந்ததாயினும் அது இன்று முழுக்க நம்முடைய சொல். வண்டி ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்றால் எந்திரத்தின் துடிப்பில் இடையிடையே ஒன்று தவறுகிறது என்று பொருள். ‘அடைக்கிறது’ என்பது வேறு. திருகியதும் மூச்சு முட்டி நின்றுவிடுவதுபோல் தயங்குவது. ‘இழுக்கவில்லை’ என்பது இன்னொன்று. ஓசை சரியாக இருக்கும், வலு மட்டும் இராது. மருத்துவரிடம் நோயாளி சொல்வதைப்போல வண்டிக்காரர் இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சொல்வார். மெக்கானிக் அதை முழுக்க நம்பாமல் தானே ஒரு முறை உதைத்துப் பார்ப்பார்.

1996இல் நாங்கள் மூவர் பணம் போட்டு ஒரு பழைய 350 சிசி புல்லட்டை வாங்கினோம். திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது எடுத்த, இன்றும் வீட்டார் ஒப்புக்கொள்ளாத முடிவு அது. வாங்கிய இரண்டாம் மாதமே வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது. கார்புரேட்டரில் குப்பை சேர்ந்திருக்கும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் அதைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, ஜெட்டுகளை வாயால் ஊதி, மீண்டும் பூட்டினோம். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றாம் முறைக்குப் பிறகு வண்டி முன்னைவிட மோசமாக ஓடியது. கடைசியில் அதைத் தள்ளிக்கொண்டே பாலக்கரைப் பக்கமிருந்த ஒரு பட்டறைக்குப் போனோம்.

“கார்புரேட்டரை எத்தன தடவ கழட்டினீங்க?” என்றார் மெக்கானிக்.

“மூணு தடவண்ணே.”

“அது பாவம் தம்பி. நெருப்பு ஒழுங்கா வருதான்னு பாத்தீங்களா?”

நாங்கள் பார்க்கவில்லை. அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பாயிண்ட் மூடியைத் திறந்து, கருகிக் குழி விழுந்திருந்த இரு முனைகளையும் எங்களுக்குக் காட்டினார். சுண்டுவிரல் நுனியளவிலான கன்டன்சர் ஒன்றை மாற்றி, பாயிண்டைத் தேய்த்து, பதினைந்து தௌ இடைவெளி வைத்து மூடினார். அரைமணி நேரத்தில் வண்டி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. கார்புரேட்டர் கோளாறு என்று வருகிற வண்டிகளில் பாதி மின்சாரக் கோளாறுதான் என்பது அவர் தொழிலில் எல்லாரும் அறிந்த செய்தி. பழியைச் சுமப்பது மட்டும் கார்புரேட்டர்.

இந்தப் பழி ஏன் அதன்மேல் விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அது காற்றோடு கலந்து ஆவியாகவோ நுண்துளியாகவோ இருந்தால்தான் உருளைக்குள் வெடிக்கும். 1885இல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த, மோட்டார் சைக்கிளின் மூதாதை என்று சொல்லத்தக்க மரச்சட்ட வண்டியில், கலத்திலிருந்த பெட்ரோலின் மீது காற்றைச் செலுத்தி, அதிலிருந்து எழும் ஆவியை எந்திரத்துக்குள் இழுத்தார்கள். இந்த முறையில் வெயில் நாளில் ஓர் அளவும் குளிர்நாளில் வேறோர் அளவும் வரும். பெட்ரோலின் இலேசான பகுதி முதலில் போய்விட, கலத்தில் எஞ்சுவது எரிய மறுக்கும்.

இதற்குத் தீர்வு 1893இல் வந்தது. இரண்டு ஊர்களில் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் புடாபெஸ்டில் தொனாத் பான்கி என்ற பொறியாளரும் யானோஷ் சோன்கா என்ற எந்திர வினைஞரும் தெளிப்பு முறையிலான கார்புரேட்டருக்கு உரிமை கோரினர். சில மாதங்கள் கழித்து ஆகஸ்டில் மேபாக் அதே அடிப்படையில் தமது காப்புரிமையைப் பெற்றார். புடாபெஸ்டில், தெருவில் பூ விற்கும் பெண் மலர்களின் மேல் வாயால் நீர் தெளிப்பதைப் பார்த்தபோது இந்த எண்ணம் உதித்ததாக ஒரு கதை உண்டு. நியூட்டனின் ஆப்பிளைப் போன்ற கதைதான். நம்ப வேண்டிய கட்டாயமில்லை. எங்களை ஈர்த்தது வேறொரு செய்தி. சோன்கா ஒரு கொல்லரின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் இல்லாமலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டறைக்குத் தலைமை ஏற்றவர். கார்புரேட்டரின் தோற்றத்திலேயே ஒரு மெக்கானிக்கின் கை இருக்கிறது.

அவர்கள் பயன்படுத்திய இயற்பியல் அதற்கும் நூறாண்டு பழையது. குறுகலான வழியில் பாயும்போது பாய்மத்தின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது என்பதை 1797இல் இத்தாலியரான ஜியோவன்னி பத்திஸ்தா வெஞ்சுரி எழுதினார். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்ல, அங்கே அழுத்தம் தாழ்கிறது. கீழேயுள்ள மிதவைக் கலத்தின் பெட்ரோலை வெளிக்காற்று அழுத்துகிறது. பெட்ரோல் ஒரு நுண்துளை வழியே மேலேறித் தூவானமாகிறது. இதில் பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. எந்திரம் தானே உறிஞ்சிக் குடிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலை முழுதாக எரிக்க எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். வெயிலிலும் மழையிலும், மேட்டிலும் பள்ளத்திலும், நின்றுகொண்டிருக்கும்போதும் லாரியை முந்தும்போதும் இந்த விகிதத்தைச் சில பித்தளைத் துளைகள் மட்டுமே காத்துத் தர வேண்டும். அவற்றால் அது முழுமையாக ஒருநாளும் முடிந்ததில்லை. கார்புரேட்டரின் வரலாறு முழுவதும் தோராயங்களின் வரலாறு என்றே சொல்லலாம்.

மோட்டார் சைக்கிளுக்கென அமைந்த தோராயம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உருப்பெற்றது. 1927இல் மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் இணைந்து அமல் என்ற பெயரில் ஒன்றாயின. பின்னர் வந்த பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அமலின் வழியாகவே மூச்சுவிட்டன. ஏறி இறங்கும் உருளை வடிவத் தடுப்பு, அதன் நடுவில் தொங்கும் கூம்பு ஊசி, ஊசி நுழையும் ஜெட் என்ற அமைப்பு அதனுடையது. ஜப்பானின் மிக்குனி 1960இல் அமலிடம் உரிமம் பெற்று இதே மரபில் கார்புரேட்டர்களைச் செய்தது. பின்னாளில் அந்த மிக்குனியின் தொழில்நுட்பத்தோடு சென்னையில் ‘மிக்கார்ப்’ தயாராகி நம்மூர் வண்டிகளில் ஏறியது. பர்மிங்ஹாமிலிருந்து தோக்கியோ வழியாகச் சென்னை. புல்லட்டோ நேராகவே வந்துவிட்டது. ரெட்டிச் நகரின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொடக்கத்தில் இறக்குமதிப் பாகங்களைப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்திலேயே பாகங்களும் இங்கே ஆயின. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. தாய் இறந்த பிறகும் பிள்ளை அரை நூற்றாண்டுக்கு மேல் அதே குரலில் பேசிக்கொண்டிருந்தது.

அந்தக் குரலைக் கேட்டே நோயை அறிந்தார்கள். இது மிகையல்ல. நான்கு வீச்சு ஒற்றை உருளை எந்திரம், நிறுத்தி வைத்த நிலையில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால், நொடிக்கு எட்டு வெடிப்புகள் நிகழும். எட்டில் ஒன்று தவறினாலும் பழகிய செவிக்குத் தெரியும், மிருதங்கத்தில் ஒரு சொல் விழாமல் போனது தெரிவதைப்போல. எந்த நிலையில் தவறுகிறது என்பதைக் கொண்டு குறை இருக்கும் இடத்தையும் சொல்லிவிடலாம். அமல் மரபுக் கார்புரேட்டரில் திருகின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் உறுப்பு பொறுப்பு. எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும். அதற்கடுத்துச் சிறிது தூரம் தடுப்பின் அடியில் சாய்வாக வெட்டப்பட்ட விளிம்பு. கால் திறப்பிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். சிக்னலில் நின்று நின்று அணைகிற வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, கால் வலிக்குத் தலையில் தைலம் தேய்ப்பதற்குச் சமம். திருகின் உறையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வது பழைய ஆட்களின் வழக்கம்.

காற்றின் பக்கமும் கோளாறு உண்டு. கார்புரேட்டருக்கும் எந்திரத்துக்கும் இடையிலுள்ள இணைப்பு தளர்ந்து வெளிக்காற்று புகுந்தால் கலவை மெலியும். நிறுத்திய நிலையில் வண்டியின் வேகம் தானே ஏறி இறங்கும். எங்கள் மெக்கானிக் சிறு எண்ணெய்க் குப்பியிலிருந்து இணைப்பைச் சுற்றிச் சொட்டு விட்டுப் பார்ப்பார். எந்த இடத்தில் விடும்போது ஓசை மாறுகிறதோ அங்கே ஓட்டை. இதைவிட வேடிக்கையானது டேங்க் மூடியின் காற்றுத்துளை. அது அடைபட்டால் வண்டி ஐந்தாறு கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு பெட்ரோல் இறங்காமல் திக்கி நிற்கும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடியதும் மறுபடி ஓடும். பேய் பிடித்ததாகவே நினைக்கத் தோன்றும். பைலட் ஜெட்டின் நுண்துளையைக் கிளட்ச் கம்பியின் இழையால் குத்திச் சுத்தம் செய்யும் பழக்கம் அன்று எங்கும் இருந்தது. எஃகு இழை மென்மையான பித்தளையைத் தின்றுவிடும். துளை பெரிதாகி, வண்டி ஆயுளுக்கும் பெட்ரோல் குடிக்கும். எங்கள் மூன்றாவது ‘சிகிச்சை’யில் நாங்கள் செய்த பிழை அதுதான்.

உதகைக்கு அதே வண்டியில் போனபோது இன்னொரு பாடம் கிடைத்தது. கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கியபோது சீராக இருந்த ஓசை, குன்னூருக்கு மேல் கனத்து, கரும்புகை கக்கத் தொடங்கியது. உதகையின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பித்தளைத் துளைக்கு அது தெரியாது. சமவெளியில் கொடுத்த அளவுக்கு நெருக்கமாகவே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். வண்டியில் கோளாறு ஏதும் இல்லை. சமவெளியின் அளவை மலையில் வைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே.

காற்றையும் மலையையும் குறை சொல்ல முடியாது. பெட்ரோலின் கதை அப்படியல்ல. அங்கே மனிதர் கை வருகிறது.

நம் நாட்டில் பல பத்தாண்டுகள் ரேஷன் மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைத்தது. ஏழையின் அடுப்புக்கும் விளக்குக்கும் என்று நீலச் சாயமிட்டுத் தந்த எண்ணெய் அது. பெட்ரோலுக்கும் அதற்கும் இருந்த விலை வேறுபாட்டிலேயே ஒரு கள்ளத்தொழில் வளர்ந்தது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. காலையில் உதைத்து உதைத்துக் கால் ஓயும். முழுதாக எரியாமல் பிளக்கில் கரி பிடிக்கும். ஏற்றத்தில் உருளைக்குள் ‘டிக் டிக்’ என்று தட்டும். கார்புரேட்டர் திரும்பவும் பழி சுமக்கும். எந்தப் பங்கில் போட்ட பெட்ரோல் என்று மெக்கானிக்குகள் கேட்டது அதனால்தான். வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டு, கறையின்றி உலர்கிறதா என்று பார்க்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. பங்கில் வரிசையில் நின்றுகொண்டு அதைக் கேட்ட எவரையும் நாங்கள் பார்த்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கேட்ட ஒருவர் சண்முகம் மஞ்சுநாத். குடும்பம் கோலார் தங்கவயலில். லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்து இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தவர். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த ஒரு பங்குக்கு முத்திரை வைத்தார். அது திரும்பத் திறக்கப்பட்டபோது மீண்டும் சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த காலையில் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது, பட்டறைகளில் நாங்கள் எவ்வளவு இலேசாக ‘பெட்ரோல் கலப்படம்ணே’ என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருக்கிறோம் என்பதுதான். ஒரு பிளக்கில் படிந்த கரிக்குப் பின்னால் அவ்வளவு தூரம் யாரும் போகவில்லை. அவர் போனார்.

பிளக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, காப்பிப்பொடி நிறமாக இருந்தால் கலவை சரி. இதுதான் நாங்கள் கற்ற பால பாடம். ஆனால் அந்த அழகிய பழுப்பில் ஒரு பங்கு, பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் விட்டுச்சென்ற படிவு. உருளைக்குள் தட்டல் வராமலிருக்க ஈயச் சேர்மத்தைக் கலக்கலாம் என்பதை 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. அதைப் புகையாக உலகமெங்கும் தெருக்களில் தெளித்தோம். இந்தியாவில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் அதுவே ஆனது. அதன்பின் பிளக்குகள் முன்போலப் பழுப்பேறவில்லை. பல மெக்கானிக்குகள் கலவை மெலிந்துவிட்டதாக எண்ணிப் பெட்ரோலைக் கூட்டினார்கள். நலத்தின் அடையாளமாக நாம் கற்றிருந்த நிறத்தில் நஞ்சு கலந்திருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம், கார்புரேட்டரின் மறைவைப் பற்றி இப்போதெல்லாம் எழுதப்படும் ஏக்கக் கட்டுரைகள். செவியால் கேட்டு, விரலால் திருகிச் சரிசெய்த காலம் போய்விட்டதே என்ற புலம்பலில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனால் அந்தத் திருகல் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடந்தது. கலவை சற்றே மிகுந்திருந்தால் வண்டி இதமாக ஓடும், சூடேறாது, வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடமாட்டார். மிகுந்தது கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியே போகும். இரண்டு வீச்சு வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். ராஜ்தூத், யெஸ்தி, ஆர்.எக்ஸ். 100 என்று நாம் கொண்டாடியவற்றில் பெட்ரோலின் கணிசமான பகுதி எரியாமலேயே புகைக்குழாய் வழியே போயிற்று. அந்த வாசனையை இன்றும் சிலர் விரும்பி முகர்கிறார்கள். வேண்டாம்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் வந்தபோது பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் நீங்கியது. அதே ஆண்டில் புல்லட் 350உம் எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறியது. உதகையின் காற்று மெலிந்திருப்பதை இப்போது ஓர் உணரி அறிந்து பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. கோளாறு என்றால் விளக்கெரியும். கருவியைப் பொருத்தினால் எண் வரும். அந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் புல்லட் இன்னும் இருக்கிறது. மூவரில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். வண்டி எஞ்சிய இருவரிடமும் மாறி மாறி நிற்கிறது. 2025இல் அது மறுபடியும் தடுமாறத் தொடங்கியது. பாதித் திருகலில் வெட்டி வெட்டி ஓடியது, வழக்கத்தைவிடச் சூடேறியது. இம்முறை பாயிண்டைப் பார்த்தோம், கன்டன்சரை மாற்றினோம், பங்கையும் மாற்றிப் பார்த்தோம். பயனில்லை. பழைய மெக்கானிக்கைத் தேடிப் போனோம். எழுபதைக் கடந்துவிட்டார். பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறார். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மிதவைக் கலத்தைத் திறக்கச் சொல்லி, உள்ளே ஊறிப் பருத்திருந்த ரப்பர் வளையத்தை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். பெட்ரோலில் இப்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர்களுக்கு அது ஆகாது. தவிர எத்தனால் எரிய, பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் குறைந்த காற்றே போதும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு. ஆகவே பழைய துளை வழியே பழைய அளவில் வந்தாலும் கலவை மெலிந்துதான் போகும். அவர் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லவில்லை. பிளக்கைப் பார்த்து, “வெளுத்துப் போச்சு” என்றார். ஊசியை எடுத்து அதன் கிளிப்பை ஒரு தடம் கீழே இறக்கிப் போட்டார். ஊசி அந்த அளவுக்கு மேலே உயர்ந்து நிற்கும். மகன் புது வளையம் போட்டுப் பூட்டினார்.

உதைத்ததும் எடுத்துக்கொண்டது. அவர் தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாதித் திருகல்லயே அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க தம்பி” என்றார், தலை நரைத்த எங்களிடம். “வந்து பிளக்கக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்.”